நாலு விரல் துணி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. இரண்டு தடவை தொடங்கிக் கிழித்தும் போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், எழுத்துப் பிழை வருமே என்ற வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. எங்கள் செபக் கூட்டத்தில் இதைச் சொல்லுகிறவர்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லுகிறார்கள். அப்படிக் கேட்கக் கேட்கத்தான், நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

நாங்கள் டென்மார்க்கில் விபோர்க் நகரத்தில் இருக்கிறோம். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். எங்கள் ஆலய மண்டபத்தில் வியாழக்கிழமை பின்னேரங்களில் பெண்கள் பத்துப் பேர் கூடித் தைப்போம். நான் ஒருத்திதான் தமிழ், மற்ற எல்லோரும் டெனிஷ்காரர். தைக்கிறதெல்லாம் உகண்டாவில் ஒரு இல்லத்துக்குப் போகும். அங்கே ஒரு சிஸ்டர், பஸ் நிலையத்திலும் சந்தையிலும் படுத்துக் கிடக்கிற சிறுமிகளைக் கூட்டி வந்து, சாப்பாடு கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்.

ஒரு வருடம் தை மாதம். புதிதாகப் பன்னிரண்டு சிறுமிகள் பள்ளிக்கூடம் போக இருந்தார்கள். முழங்கால் வரை வருகிற நீலச் சட்டை இல்லாத பிள்ளையை அங்கே வகுப்புக்குள் விடமாட்டார்களாம். எங்கள் ஊரில் மூடப்போன ஒரு துணிக்கடை, ஒரு பெரிய கட்டு நீலத் துணியைச் சும்மா தந்தது. எங்கள் தையல் குழுவுக்குப் பொறுப்பானவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு டெனிஷ் அம்மா, முன்பு பள்ளிக்கூட ஆசிரியை. அவர் அளந்து பார்த்து, சரியாகப் பன்னிரண்டு சட்டைக்குக் காணும் என்றார். ஒவ்வொரு பிள்ளையின் அளவுக்கும் கடதாசியில் வெட்டிக் கொடுத்தார். அவர் சட்டைகளோடு சனிக்கிழமை விமானம் ஏறுவதாக இருந்தது. எனக்குத் தையலில் கை ஓட்டம் அதிகம். அதனால், வெட்டுவதும் தைப்பதும் நானே வீட்டில் செய்கிறேன் என்று துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் துணியை விரித்தேன். கடதாசியை வைத்து, அதற்குக் கீழே நாலு விரல் விட்டுத்தான் கத்தரிக்கோலை ஓட்டினேன். பக்கங்களிலும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சரும், கடதாசி இதிலை முடியுது. நீர் எங்கை வெட்டுறீர்?"

"வளருற பிள்ளையளப்பா. உள்ளுக்கை மடிச்சு விட்டால் அடுத்த வருசமும் போடலாம்."

"அடுத்த வருசமோ? நீர் விடுற துணிக்குக் கலியாணம் வரைக்கும் போடலாம்."

மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்ர பனி உடுப்பு மாதிரித்தான்," என்றாள். சிறுவர் பள்ளிக்குப் போகிற வயதில் அவளுக்கு நான் இரண்டு அளவு பெரிய பனி உடுப்பு வாங்கிக் கொடுத்தேன். மூன்று குளிர்காலம் அதைத்தான் போட்டாள். முதல் வருடம் பெங்குயின் மாதிரி நடந்ததை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு அம்மா அப்படித்தான் தைத்துத் தந்தார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, அந்த மடிப்பை அவிழ்த்து அவிழ்த்துத்தான் ஒரே வெள்ளைச் சட்டையை இரண்டு வருடம் போட்டேன். அவிழ்த்த இடத்தில் மடிப்பின் கோடு தெரியும். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அதைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு நடப்பேன்.

புதன்கிழமை பத்தாவது சட்டையைத் தைத்து மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை வெட்டத் துணியை எடுத்தால் ஒரு முழத் துண்டுதான் கிடந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரிக்குள்ளேயும் தேடினேன். பிறகுதான், மிச்ச இரண்டு சட்டையும் இந்தப் பத்துச் சட்டைகளின் உள்ளே மடிந்து கிடக்கிறது என்று விளங்கியது. பன்னிரண்டையும் முதலில் துணியில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டியிருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக வைத்து வெட்டிவிட்டேன்.

மகள் வேலை முடிந்து வந்ததும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நாலு கடைக்குப் போனாள். பூப்போட்டது இருந்தது, சாம்பல் நிறம் இருந்தது. அந்த நீலம் எங்கும் இல்லை.

வியாழக்கிழமை பத்துச் சட்டையோடு மண்டபத்துக்குப் போனேன். டெனிஷ் அம்மா எண்ணிப் பார்த்தார்.

"பன்னிரண்டு என்றுதானே கதைத்தோம்?"

நான் ஒரு சட்டையின் கீழ்ப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பிள்ளைகள் வளர்வார்கள் என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்.

அவர் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வளர்வார்கள்தான். ஆனால் பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்குகிறது," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பத்துச் சட்டையோடு போனார். அங்கே துணி வாங்கித் தைப்பிக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்தில் அங்குள்ள தையல்காரருக்கு மூச்சுவிட நேரமில்லையாம். இரண்டு பிள்ளைகள் இல்லத்திலேயே நிற்க வேண்டி வந்தது. அதில் ஒருத்திக்கு ஒன்பது வயது. பஸ் நிலையத்திலிருந்து வந்து ஒரு மாதந்தான். மற்றப் பத்துப் பேரும் நீலச் சட்டையோடு வரிசையாகப் போனதை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அன்று பின்னேரம் ஆளைக் காணவில்லை. திரும்பவும் பஸ் நிலையத்துக்கே போய்விட்டாள்.

டெனிஷ் அம்மா திரும்பி வந்து இதைச் சொன்ன நாளோடு நான் வியாழக்கிழமை போவதை நிறுத்தினேன். தையல் மெஷினைத் துணியால் மூடி வைத்தேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்கவும் பயந்து, பூசை முடிந்ததும் யாரோடும் கதைக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். வேலை செய்கிற இடத்தில் தாழ்வாரத்தைத் துடைக்கும்போதும் அந்தப் பிள்ளைதான் கண்ணுக்குள் நிற்பாள். பெயர்கூட எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, அந்த ஒன்பது வயதுப் பிள்ளை" என்றுதான் செபமாலை சொல்லுவேன். ஆண்டவருக்கு விளங்கும்.

"நீர் வேணுமெண்டே செய்தனீர்?" என்று கணவர் கேட்பார். வேண்டுமென்று செய்யவில்லைதான். அதற்காக அந்தப் பிள்ளை தெருவில் படுக்காமல் இருந்தாளா?

ஆனி மாதம் அந்த சிஸ்டர் டென்மார்க்குக்கு வந்தார். எங்கள் ஆலயத்தில் பூசைக்குப் பிறகு பேசுவதாக அறிவித்திருந்தார்கள். போகாமல் விட மனம் வரவில்லை, முன்னால் போய் உட்காரவும் தைரியம் இல்லை. மண்டபத்துச் சமையலறையில், தேத்தண்ணியோடு கொடுக்க ரோல்ஸ் பொரிக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டால் பேச்சுக் கேட்காது.

கொஞ்ச நேரத்தில் மகள் கதவைத் திறந்தாள்.

"அம்மா, சிஸ்டர் உங்களைத்தான் தேடுறா. உள்ளுக்கை துணி விட்டுத் தைச்ச ஆள் எங்கை எண்டு கேக்கிறா."

நான் கரண்டியை விடவில்லை. "நான் வரேல்லை. சுகமில்லை எண்டு சொல்லு."

"ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிக்கிறியள். என்ன வருத்தமெண்டு சொல்ல?"

அதற்குள் சிஸ்டரே உள்ளே வந்துவிட்டார். உயரமான, சிரித்த முகமான கறுப்பினப் பெண். பின்னால் டெனிஷ் அம்மா. நான் அடுப்பை நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். சிஸ்டர் எண்ணெயும் மாவுமாக இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

சிஸ்டர் நாலு தடவை பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். "பத்துச் சட்டைதானே வந்தது, எனக்கு அங்கே இடமில்லை" என்று சொல்லி அந்தப் பிள்ளை வர மறுத்துவிட்டாள். ஐந்தாவது தடவை, முன்பு அவளோடு அதே இடத்தில் படுத்திருந்த இன்னொரு சிறுமியையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் பத்துப் பேரில் ஒருத்தி, பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். போனதும் அவள் தன் சட்டையின் கீழ்ப்பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். "இதைப் பார். இது அடுத்த வருடத்துக்கு. அடுத்த வருடமும் நாங்கள் அங்கே இருப்போம் என்று இதைத் தைத்தவருக்குத் தெரியும்," என்றாளாம்.

ஒன்பது வயதுக்காரி அந்த மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் சிஸ்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்குத் தைக்கிறதிலும் இப்படி விடுவார்களா?"

இல்லத்தில் நின்ற மற்றப் பிள்ளைக்கும் சேர்த்துத் தைப்பிக்க, சிஸ்டர் அவளைக் கையோடு தையல்காரரிடம் கூட்டிப் போனார். துணி வீண் என்று தையல்காரர் முறைத்திருக்கிறார். நாலு விரல் விடாவிட்டால் வேண்டாம் என்று சிஸ்டர் அங்கேயே நின்றுவிட்டார். சட்டை கைக்கு வந்ததும் அந்தப் பிள்ளை போட்டுப் பார்க்கவில்லையாம். முதலில் உட்பக்கம் திருப்பி, நாலு விரலை வைத்து அளந்து பார்த்தாளாம். பிறகுதான் போட்டாள். ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்றார் சிஸ்டர்.

மகளுக்குக் கடைசி வசனம் தமிழில் வரவில்லை. டெனிஷில் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

எவ்வளவு நாள் அந்தப் பிள்ளை வெளியில் நின்றாள் என்று நான் கேட்டேன். "பதினாறு நாள்," என்றார் சிஸ்டர். எனக்காகக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பதினாறு நாளில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது, டெனிஷ் அம்மா எல்லாக் கடதாசி அளவுகளையும் புதிதாக வெட்டி மேசையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பழைய கோட்டுக்குக் கீழே நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு.

"இனி இதையும் சேர்த்துத்தான் துணி அளப்போம். ஆனால் எல்லாவற்றையும் முதலில் விரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உம்முடைய கையில் கத்தரிக்கோல்," என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதைச் செபக் கூட்டத்தில், ஆண்டவர் என் பிழையை நன்மையாக மாற்றினார் என்று சொல்லுகிறார்கள். ஆண்டவர் அந்தப் பிள்ளையைக் கைவிடவில்லை என்று நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் பன்னிரண்டையும் விரித்துப் பார்க்க எனக்குக் கண்ணும் கையும் தந்தவரும் அவர்தான். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். குறைந்துபோன இரண்டு சட்டையையும் பதினாறு நாளையும் விட்டுவிடாதீர்கள். மடிப்பைச் சொல்லுகிற வாயால் அதையும் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் கழித்து சிஸ்டர் ஒரு படம் அனுப்பினார். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்த அந்தப் பிள்ளைதான், உயரமாகி, பள்ளிக்கூட வாசலில், அதே நீலச் சட்டையோடு நிற்கிறாள். முழங்காலுக்குக் கிட்ட மடிப்பை அவிழ்த்த கோடு நன்றாகத் தெரிகிறது, அதற்குக் கீழே நாலு விரல் துணி மட்டும் வெளிறாமல் புது நீலமாக இருக்கிறது. அவள் அதை எதாலும் மறைக்கவில்லை. சின்ன வயதில் புத்தகப் பையால் நான் மறைத்துத் திரிந்த அந்தக் கோடுதான், வளரும் வரைக்கும் ஒரு பிள்ளை ஓரிடத்தில் இருந்திருக்கிறாள் என்பதற்கு இன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் சாட்சியாக இருக்கிறது.