மாமாவின் ஸ்டுடியோ பெட்டி

எனக்கு இடது காது பாதிதான் கேட்கும். அப்படியிருந்தும் போன மாதம், பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் காதருகே வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குப் பதிலாக வந்த புதுப் பிறவி என்றார் கடைக்காரர். வீட்டில் போட்டால், இத்தனை வருடம் நான் உருகிய பாட்டில் வயலின்காரர் தொண்டையைச் செருமுகிறார்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தாய்மாமன் வழியில் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமா ராயபுரத்தில் ஒரு மைக்செட் கடையில் இருந்தார். கடையிலிருந்த பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் இரக்க குணம் கொண்டது. எவர் பாடினாலும் கரகரப்பை மூடி, அடியில் கொஞ்சம் கும்மென்று சேர்த்துக் கொடுக்கும். கடையின் டேப் ரெக்கார்டரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சினிமாப் பாட்டைப் பாடிப் பதிந்த மாமா, அதை அந்தப் பெட்டியில் கேட்டுத் தன்மீதே காதல் கொண்டார்.

மைக்செட் கட்டுகிறவனுக்குப் பெண் இல்லை என்று ஏற்கெனவே இரண்டு இடங்களில் கைவிரித்திருந்தார்கள். மூன்றாவது இடம் காத்திவாக்கம். இந்த முறை பாடியே ஜெயிப்பது என்று மாமா முடிவு செய்தார். மரப்பெட்டி ரயிலில் ஏறாது. ஆகவே பர்மா பஜாரில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல்நிற ஸ்பீக்கர் வாங்கினார்.

"ஸ்டுடியோவுல இத்த வச்சுத்தான் பாட்டு கேக்குறானுங்கோ. இதுல வுட்டா நம்ம கொரலும் ஸ்டுடியோ கணக்காத்தான் வரும்," என்றார்.

நானும் நம்பினேன். பழத்தட்டோடு அம்மாவும், டேப் ரெக்கார்டரோடு மாமாவும், மடியில் பெட்டியோடு நானும் ரயிலேறினோம்.

பெண் வீட்டில் காபி முடிந்ததும் மாமா பொத்தானை அழுத்தினார். அந்தப் பெட்டிக்கு எதையும் மறைக்கத் தெரியவில்லை. மாமாவின் சுருதி தனி வழியில் போனது கேட்டது. பக்கத்து வீட்டுக் கோழி கேட்டது. சரணத்துக்கு முன்னால், மரப்பெட்டியில் வெறும் உறுமலாகக் கேட்ட இடம் வந்தது. இடையிசைபோல் இருக்கிறதென்று மாமா அதை விட்டுவைத்திருந்தார். இப்போது அது, என் அம்மாவை அதட்டும் மாமாவின் குரலாக, துல்லியமாகப் பேசியது:

"யக்கா, கொடத்தக் கீழ வையி! வவுத்துல புள்ளைய வச்சுகினு... நீ குந்து, நா தூக்கினு வரேன்."

தடதடவென்று ஓட்டம். குடம் நிரம்பும் சத்தம். பிறகு மூச்சிரைக்க இரைக்கச் சரணம்.

"இன்னா மாப்ளே, பாட்டு நடுவுல கொழாவுல தண்ணி வந்துடுச்சா?" என்றார் பெண்ணின் அப்பா. கூடம் முழுக்கச் சிரிப்பு. வெற்றிலைக்கொடிபோல் வாடிப்போன மாமா பொத்தானைத் தேடினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நைனா, நிறுத்தச் சொல்லாத. ஓடட்டும்."

நாங்கள் கிளம்புமுன்பே சம்மதம் வந்துவிட்டது. திரும்பும் ரயிலில் மாமா திருவொற்றியூர் தாண்டும்வரை பாடினார், யாரும் தடுக்கவில்லை. பாட்டுப் பாடியே பெண்டாட்டி பிடித்தவர் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து அத்தையிடமே கேட்டேன், மாமா பாட்டு அவ்வளவு பிடித்ததா என்று.

"பாட்டா? அடப் போடா! கொடம் தூக்குற ஆம்பளையாச்சேன்னு ஒத்துக்கினேன். அது பாட்டையும் கூட்டினு வந்துடுச்சு."