பட்டப்பெயர்களைப் பூட்டி வைத்த கதை

வெளிநாட்டில், பெர்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த துறையில், காபி குடித்த கோப்பையை அவரவரே கழுவி வைக்க வேண்டும். வந்த முதல் வாரம் பேராசிரியர் சிரித்த முகத்தோடு அதைச் சொன்னபோது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம், குடித்த கிளாஸை நீயே கழுவி வை என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அந்தப் பேராசிரியரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் கோப்பையைத் தேய்க்கிறார். "உன்னுடையதையும் கொடு" என்று கை நீட்டினார். கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

காவாந்தண்டலத்துக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவில், பெயர் சொல்லாமல் விடுகிற ஓர் ஊரின் காலனியில் பிறந்தவள் நான். இங்கே பெர்கனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே முதுகலை படித்தேன். ஆய்வு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் காதில் விழும் பேச்சையெல்லாம் நோட்டில் எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் ஒன்று சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்தப் பழக்கம்தான் ஆய்வேடாக வளர்ந்தது. பொருள்: நடவுப் பெண்களின் வயல் பேச்சு. பேசியவர்களில் முக்கியமானவர் என் அத்தை முனியம்மாள். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர்.

நிலக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் நடவுப் பெண்கள் வைத்த பட்டப்பெயர் உண்டு. வரப்பின் மேலேயே அவர் நின்றாலும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்ள அதுதான் வழி. உண்மையான பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவருக்குக் கொட்டாங்குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் ஆட்களுக்கு டீயை அதில்தான் ஊற்றுவார்களாம்.

"கொட்டாங்குச்சி காஞ்சி கீதுடி, இன்னிக்கு டீ வராது" என்பார் அத்தை, குனிந்த தலை நிமிராமல். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

"இன்னாடி சிரிப்பு?" என்பார் வரப்பில் நிற்பவர்.

"ஒண்ணுமில்ல நைனா. அடுப்புக்குக் கொட்டாங்குச்சி காயப் போட்டத சொல்லிக்கினு கீறோம்."

இப்படிப்பட்ட பெயர்களையும், ஒவ்வொன்றும் வந்த காரணத்தையும் பின்னிணைப்பில் தமிழிலேயே கொடுத்திருந்தேன். பேசிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு எண்கள் போட்டேன். நிலக்காரர்களின் பெயரை எங்கும் எழுதவில்லை, பட்டப்பெயர்தானே, மறைப்பதற்கென்றே பிறந்தது, அதற்கு மேல் என்ன மறைக்க என்று இருந்துவிட்டேன். அந்தப் பெயர்களை மறைப்பாகவே கேட்டு வளர்ந்தவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். காரணத்தை எழுதிய இடத்தில், ஆள் யாரென்று தெரிந்து, மறைப்பு கிழிந்துபோனது எனக்கு உறைக்கவில்லை.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் மின்காப்பகத்தில் ஏற்ற வேண்டிய நாள் வந்தது. அவர்கள் கேட்ட கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டது. நூலகத்தில் மாரித் என்ற பெண்மணி, தமிழில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாமலே, இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து எழுத்துருவைச் சரிசெய்தார். "இனி தமிழில் தேடினாலும் கிடைக்கும். உங்கள் கிராமத்தில் எல்லோரும் வீட்டிலிருந்தே படிக்கலாம்!" என்றார். எல்லோரும் என்றால் நிலக்காரர்களும்தான். கொட்டாங்குச்சியின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். என் கண் கலங்கியதை மாரித் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டினார். நானும் 'தக்' என்றேன், நன்றி. அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்: எல்லோருக்கும் திறந்தது, அல்லது பல்கலைக்கழகத்துக்குள் மட்டும். தேர்வாளர்கள் படித்து முடித்துவிட்டதால் பின்னிணைப்பை இனி வெட்டவும் முடியாது. அத்தைக்குப் போன் போட்டேன்.

"நெட்ல போட்டா ஊரே படிக்கலாமாம் அத்த."

"ஊருன்னா யாரு பாப்பா? அவங்கதான ஊரு. நம்மள எவன் ஊருன்னு சொன்னான்?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கவனித்துவிட்டார். "அந்தப் பேருங்கோ கூடவா போட்டுகீற?"

"காரணத்தோட."

"அடிப்பாவி. நாளிக்கு எங்கள எவன் நடவுக்குக் கூப்புடுவான்? வேல போனா கூட போவுது, வயல்ல வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச முடியுமா இனிமே?" பிறகு, "அதுல எம் பேரும் போட்டுகீறியா?"

"இல்ல அத்த. மூணாம் நபர்னு போட்டுகீறேன்."

"மூணாம் நபரு." அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி, பூட்டிடு."

பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் என்ற கட்டத்தில் குறியிட்டேன்: யாருடைய பேச்சோ அவர்களுக்கு மூடி, அதை ஒரு வரி படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் திறந்திருக்கும் கட்டம். மாரித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதற்கு வெட்கப்படுகிறீர்கள்? நல்ல ஆய்வு" என்றார்.

பட்டம் வாங்கிச் சில மாதங்களில் என் பல்கலைக்கழகக் கணக்கை மூடிவிட்டார்கள். கணினியில் ஒரு பிரதி இருக்கிறது, அது வேறு. உலகத்தில் அது எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடினேன். தலைப்பு வந்தது, என் பெயர் வந்தது, அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டு. எனக்கும் அனுமதி இல்லையாம்.

அதை அத்தையிடம் சொல்லிப் புலம்பினேன். சற்று நேரத்தில் வாலாஜாபாத்தில் இருக்கும் அவர் மகள் தன் போனில் தேடி எடுத்து ஒரு படம் அனுப்பினாள். அதே தலைப்பு, அதே பெயர், அதே பூட்டு. கூடவே அத்தையின் குரல்: "உம் பேரு வந்துகீது பாப்பா, பார்த்தேன். பூட்டும் கீது. எங்களுக்கும் பூட்டு, உனுக்கும் பூட்டுன்றாளே இவ, அப்போ உள்ள யாருதான் கீறாங்க?"

அந்தப் படத்தையும் என் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது பெர்கன், எது வாலாஜாபாத் என்று சொல்ல அதில் எந்த அடையாளமும் இல்லை.