கானா நல்லதோ, டோகோ நல்லதோ

தொண்ணூறுகளின் நடுவில் டொரொண்டோவின் மல்வேர்னில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், ரோல்ஸ் தட்டு காலியாவதற்குள் எங்கள் பட்டிமன்றம் தொடங்கிவிடும். வாழ்வதற்கு எது நல்ல நாடு, கானாவா டோகோவா? கானாக் கட்சிக்கு என் அறைத்தோழன் தலைவன். கனடாவுக்கு வரும் வழியில், களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவனை அங்கே ஐந்து மாதம் தங்கவைத்திருந்தான். பக்கத்து நாடான டோகோவுக்கு நான். எனக்கு ஏழு மாதம். ஆகவே மூத்த நிபுணன்.

டோகோவில் பிரெஞ்சுப் பாண் சுடச்சுட வாசலுக்கே வரும் என்பேன். கானாவில் இங்கிலிஷ் பேசினால் கடைக்காரன் கதிரை தருவான் என்பான் அவன். கரண்ட் எங்கே அதிகம் போகும், நுளம்பு எங்கே பெரிது என்று சண்டை நீளும். நான் டோகோக் கடலில் நீந்திய கதைக்கு அன்ரிமார் கேக் வெட்டுவதையே நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். எனக்கு நீந்தத் தெரியாது.

அந்தக் கதையை நான் முதலில் விட்டது மனைவியிடம். அங்கிருந்து எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் நீந்தியிருந்தேன். ஊருக்கு நல்ல சேதி மட்டும் எழுதுவதுதானே நம்மவர் வழக்கம்.

அவளைக் கனடாவுக்கு எடுப்பிக்க அதே ஏஜென்டைத்தான் பிடித்திருந்தோம். அவள் கொழும்பில் லொட்ஜில் காத்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை அவன் போன் எடுத்தான்.

“அண்ணை, அக்காவை வழியிலை கொஞ்ச நாள் இறக்கி வைக்கோணும். கானாவிலும் ரூம் இருக்கு, டோகோவிலும் இருக்கு. நீங்கள் உதிலை எக்ஸ்பேர்ட்டாமே. ஞாயிறு பின்னேரத்துக்கு முன்னம் சொல்லுங்கோ.”

மரக்கறியா மச்சமா என்று கேட்பது போலத்தான் கேட்டான்.

அறைத்தோழன் சட்டைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தான். கானா உண்மையில் எப்படி என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை.

“எனக்கென்னடா தெரியும். வெளியாலை பூட்டியெல்லே வைச்சிருந்தவங்கள்.”

மூன்று வருடமாக என்னோடு வாதாடிய வாய் அது. கண்டபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ என்ன கண்டாய் என்று அமைதியாகக் கேட்டான். நான் கண்டது ஒரு மதில், அதற்கு மேலே ஒரு மாமரத்தின் தலை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தையல் மெஷினின் சத்தம் கேட்கும். கடல் மணத்தோடு சரி. பாண் பிரெஞ்சுப் பாண்தான், ஆனால் மூன்று நாள் பழசு. பாஸ்போர்ட்டும் பூட்டின் திறப்பும் ஏஜென்டின் ஆளுடைய பொக்கற்றில். மனிதரைச் சரக்கு மாதிரி அடுக்கிவைத்த அந்தப் பாவிக்கு, மூன்று வருடமாய் பார்ட்டிக்குப் பார்ட்டி இலவச விளம்பரம் செய்த மடையன் நான்.

சனிக்கிழமை ஷிப்டில், எங்கள் பெட்டித் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டும் கானாக்காரனிடம் போனேன். இரண்டில் எந்த நாடு நல்லது என்றேன். டோகோவில் என்ன பார்த்தாய் என்றான். முதல்தடவையாக வெளியாள் ஒருவருக்கு உண்மையைச் சொன்னேன். அவன் வண்டியை நிறுத்தினான். ஏஜென்டைத் திட்டுவான் என்று பார்த்தால், திட்டு எனக்குத்தான். தன் தாயின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், டோகோவில் இருக்கிறதாம். சனம் காலையில் எல்லை தாண்டித் தக்காளி விற்கப் போய்ச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுமாம். பூட்டிய அறைக்குள் கிடந்துகொண்டு எங்கள் நாடுகளுக்கு மார்க் போட நீ யார்? திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்காமல் மனைவியை அனுப்பப் பார்க்கிறாயே, நீயெல்லாம் புருஷனா? இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெட்டி மட்டையைக் கிழித்து, கானாத் தலைநகர் அக்ராவில் இருக்கும் தன் தமக்கையின் விலாசத்தை எழுதி, அவள் தினமும் உன் மனைவியைப் போய்ப் பார்ப்பாள் என்று தந்தான். கோபம் மட்டும் தணியவில்லை. திங்கள் வரைக்கும் என்னோடு பேசவும் இல்லை.

ஞாயிறு ஏஜென்ட் எடுத்தான்.

“ரூமின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கும்?” என்றேன்.

“அது பாதுகாப்புக்காக அண்ணை...”

பல் பிடுங்குகிறவனிடமே பகிடி விடுகிறவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை.

“கானா. அங்கை ஒரு அம்மா ஒவ்வொரு நாளும் வந்து பாப்பா. திறப்பு என்ரை மனுசியிட்டை இருக்கோணும். இல்லையெண்டால் பொலிஸோடை வருவா. அவவின்ரை புருஷன் பொலிஸ்.”

கடைசி வசனம் என் சொந்தத் தயாரிப்பு. கடலில் நீந்திய அதே வாய்தானே.

மூன்று கிழமை கழித்து, அந்தத் தமக்கையின் வீட்டிலிருந்து மனைவி பேசினாள். திறப்பு அவளுடைய கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறதாம். சந்தைக்குப் போனாளாம், மீன் மலிவாம்.

“இஞ்சருங்கோ, டோகோ கிட்டத்தானாம். நீங்கள் நீந்தின கடலை ஒருக்காப் பாத்திட்டு வரட்டே?”

சொல்லிவிட்டேன். மதில், மாமரம், பூட்டு எல்லாவற்றையும்.



“அப்ப கடிதத்திலைதான் நீந்தினீங்களோ,” என்றாள். அவள் சிரிக்கவில்லை. “அதை நம்பித்தானே நான் உந்த ஏஜென்டுக்கு ஓமெண்டனான்.”