நிற்கிற கால்

பந்தியில் உட்கார முடியாத மனுசன் சோலைராஜ். எந்தக் கல்யாண வீடானாலும் அவனுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு நாற்காலி, முன்னால் ஒரு ஸ்டூல், அதன் மேல் இலை. வலது முட்டி பாதிக்கு மேல் மடங்காது. "கலெக்டருக்கு ரசம் ஊத்துங்கப்பா" என்று பரிமாறுகிறவர்கள் கேலி பேசும்போதெல்லாம் அவனுக்குப் பீர் மைதீன் மேல் வயிறு எரியும். டாக்டர் கேட்டது இவனிடம். பதில் சொன்னது அவர். இந்த எரிச்சலை ஒன்பது வருசம் சுமந்தான்.

பீர் மைதீன் இராஜபாளையத்தில் சோலைராஜ் தறி ஓட்டும் பேண்டேஜ் கம்பெனிக்கு மேஸ்திரி. போலீஸ் ஸ்டேஷனோ, பெண் கேட்டுப் போவதோ, தறிக்காரனுக்காக அவர் பேசுவார். தறிக்காரன் பக்கத்தில் சும்மா நிற்பான். அங்கே அதுதான் வழக்கம்.

எண்பத்தேழில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கபடிப் போட்டி. பாடிக்கொண்டு போன சோலைராஜ் நடுக்கோட்டுக்குத் திரும்புவதற்குள் எதிராளிகள் கும்பலாக மேலே விழுந்தார்கள். முட்டி பக்கவாட்டில் விலகி, தானே திரும்பப் பொருந்தியது. கூட வந்தவர்கள் எல்லாம் கம்பெனி ஆட்கள். பேண்டேஜ் நெய்கிறவனுக்குக் கட்டுப் போடத் தெரியாதா? பையில் இருந்த துணி தீருகிற வரை இறுக்கிச் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓடி வந்த பீர் மைதீன் முட்டியைப் பார்க்கவில்லை. பாதத்தைத் தொட்டார். ஜில்லென்று கிடந்தது.

"எவம்லே கட்டுனது? காலக் கட்டச் சொன்னா பார்சல் கட்டி வச்சிருக்கீயளே!"

கத்தரியால் அத்தனையையும் வெட்டி எறிந்தார். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டு போனார்.

அங்கே எலும்பு டாக்டரும் முதலில் பாதத்தைத்தான் பிடித்துப் பார்த்தார். நாடி லேசாக ஓடியது. "ரத்தம் நல்லா ஓடட்டும், வீக்கம் வடியட்டும். அப்புறந்தான் கத்தி" என்றார். வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. அத்தனை நாளும் பீர் மைதீன் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தார்.

பிறகு டாக்டர் சொன்னார்: "உள்ள மூணு ஜவ்வு அறுந்திருக்கு. பக்கத்துல, பின்னால இருக்கிற ரெண்டையும் தைச்சா கால் ஆடாம நிக்கும்; முழுசா மடங்காது. நடுவுல உள்ளதையும் சேத்துச் செஞ்சா ஓடக்கூட முடியலாம். ஆனா இது செத்துப் பிழைச்ச கால். புண்ணு ஆறாம சீழ் வச்சா காலே போயிரும். கால் உனக்கு எதுக்கு வேணும், சொல்லு."

"கபடிக்கு இறங்கணும் சார்."

அவன் தாய் கருத்தம்மா பீர் மைதீன் முகத்தைப் பார்த்தாள்.

"கிறுக்குப் பய சார் இவன். தறியில நாள் பூரா நிக்கணும். நிக்கிற காலாக் குடுங்க" என்றார் பீர் மைதீன்.

கருத்தம்மா கைநாட்டு வைத்தாள்.

கால் நின்றது. அதில் நின்றுதான் தறி ஓட்டினான், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான். ஆனாலும் ஸ்டூலில் இலை விழுந்தால் எரிச்சல் வந்துவிடும்.

தொண்ணூற்றாறில் முட்டி வலியென்று அதே டாக்டரிடம் போனபோது கேட்டே விட்டான்: "அன்னைக்கு மூணையும் செஞ்சிருந்தா சார்?"

"ஓடியிருக்கலாம். காலை எடுத்தும் இருக்கலாம். எனக்கே தெரியாதுப்பா. ஆனா அந்தக் கட்டுத்துணியை அவர் வெட்டி எறியலைன்னா நான் உன்கிட்ட கேள்வியே கேட்டிருக்க முடியாது."

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பீர் மைதீன் வீட்டுக்குப் போனான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அவர் படுக்கையில் கிடந்தார்.

"என்னலே, ஏச வந்தியா?"

"ஏசித்தான் இம்புட்டு வருசம் போச்சே மாமா. இன்னைக்குக் கும்பிட வந்தேன்."

"கும்பிடுறதுக்கு ஆண்டாள் கோயில் இருக்கு. இங்க வந்தா கருப்பட்டிக் காப்பிதான்."

அடுப்படியில் அவர் மனைவி நூர்னிசா சிரித்துவிட்டாள். சோலைராஜுக்குக் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு காலை நீட்டியபடியே.

அவர் அவனிடம் கடைசியாகச் சொன்ன வேலை அப்போது சொன்னதுதான்.

"பேக்கிங்ல இருக்கிற செல்லக்கனி மொபெட்ல விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டா. எனக்கு எந்திரிக்க ஏலல. நாளைக்கு நீ மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. காலு எதுக்கு வேணும்னு டாக்டர் கேப்பாரு. நீ வாயத் தொறக்காத. அந்தப் புள்ளயே சொல்லட்டும்."