பன்னிரண்டே கால் மணிக்குக் கிளம்புகிறவர்

வேதாசலத்துக்கு உட்கார்ந்த இடத்தில் அரை மணி நேரம் இருப்புக் கொள்ளாது. எங்கள் முதியோர் பகல் மையத்துக்குக் காலை பத்து மணிக்கு மொபெட்டில் வந்து இறங்குவார். ரத்த அழுத்தம் பார்ப்பதற்குள் "சீக்கிரம்மா பிரிஸ்கில்லா" என்று என்னை விரட்டுவார். கை கால் பயிற்சிக்கு நடுவில் வாசலுக்குப் போய்விட்டு வருவார். வயது எழுபத்து மூன்று. மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. மருமகள் கல்பனா வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் பேச ஆளில்லை.

அவரைக் கட்டிப்போடுவது கேரம் ஒன்றுதான். அதுவும் ஜோடியாக எதிரில் சாம்சன் இருக்க வேண்டும். சாம்சன் நாற்பது வருஷம் அவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். இப்போது இருவரும் சேர்ந்து மையத்தில் ஒருவரையும் ஜெயிக்க விடுவதில்லை.

ஆனால் பன்னிரண்டே கால் ஆனதும் வேதாசலம் வண்டியை உதைத்துவிடுவார். பன்னிரண்டரைக்கு இங்கே மதியச் சாப்பாடு. "டாக்டரு உப்பே கூடாதுன்னுட்டாரும்மா. வூட்டுல கல்பனா தனியா ஆக்கி வெச்சிகீது" என்பார். இங்கே சமைப்பது காலனியிலிருந்து வரும் பரிமளா. காரணம் உப்பு அல்ல என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சேர்ந்த நாளிலிருந்து எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

போன மாதம் சாலவாக்கத்துப் பெரியவர்களோடு கேரம் போட்டி வைத்தோம். பெயர் எழுத உட்கார்ந்தேன்.

"என் பேரு வேணாம்மா" என்றார் சாம்சன்.

வேதாசலம் பதறிப்போனார். "இன்னாடா சாம்சா, நீ இல்லாங்காட்டி நான் யாரோட ஆடறது?"

"ஆட்டத்துக்கு நான் வேணும், பந்தியில பக்கத்துல குந்த வேணாம். அது எப்டி நைனா?"

சாம்சன் குரலை உயர்த்தவில்லை. காய்களை அடுக்கிக்கொண்டேதான் கேட்டார்.

அடுத்த இரண்டு நாள் வேதாசலம் வருவதும் போவதுமாக இருந்தார். வண்டியைக் கிளப்புவார், அணைப்பார். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்கு டிபன் கேரியரோடு வந்து சாம்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிதாக இறங்கி வந்துவிட்டதாக நினைப்பு! சாம்சன் கேரியரை ஒரு பார்வை பார்த்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு நான்கு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேதாசலம் வெறுங்கையோடு வந்தார். மையத்துத் தட்டை எடுத்துக்கொண்டு சாம்சன் அருகில் அமர்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. பரிமளா சோறு போட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள். வேதாசலம் பிசைந்த கை வாயருகே போய் நின்றுவிட்டது. பந்தி முழுக்க அவரையே பார்த்தது. விழுங்கினார். முகம் சுளித்தது.

"இன்னா பரிமளா, இதுல உப்பே இல்லியே?"

"நீங்கதான நைனா உப்பு ஆவாதுன்னீங்க? நீங்க சேந்த நாள்லேர்ந்து உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிகினுகீறேன். நீங்க குந்தாத நாள்ல நான் துன்னுடுவேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேதாசலம் தலையைத் தூக்கவே இல்லை. சாம்சன் உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். அவர் அதைத் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

எல்லாரும் கை கழுவிக்கொண்டு போன பிறகும் அன்று அவர் எழுந்திருக்கவில்லை.