அம்மா நின்ற இடங்கள்

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் என்ற பாடம் நடந்தபோது எங்கள் வகுப்பில் ஒருவர்கூட ரயிலில் போனதில்லை. புத்தகத்திலோ வேகம் கண்டுபிடிக்கச் சொன்ன கணக்குகளில் பாதி ரயில் கணக்குகள். அறிவியல் டீச்சர் இரண்டு நாள் அவற்றோடு போராடிப் பார்த்தார். மூன்றாம் நாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, மலைமேல் செம்மேட்டிலிருந்து அடிவாரத்துக்குப் போகும் எங்கள் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்கு அடிவாரத்தில் வீடு. தினமும் காலை பஸ்ஸில் மலையேறி வருவார். வளைவுகளில் குமட்டும் என்பதால் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார். சில நாள் வகுப்புக்குள் நுழையும்போதும் அந்தப் பழம் கையில் இருக்கும்.

அன்று பலகையில் இரண்டு அச்சுகள் போட்டார். நிற்கும் கோடு தொலைவு, படுத்த கோடு காலம். பஸ் கிளம்பியதும் கோடு இடமிருந்து வலமாக மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“டீச்சர், பஸ்ஸு கீழதானுங்களே எறங்குது? கோடு ஏனுங்க மேல ஏறுது?”

எங்கள் எல்லோருக்கும் அதே சந்தேகம். பலகையில் இருந்தது மலை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். டீச்சர் சாக்பீஸால் கோட்டின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

“இது மலையோட படம் இல்ல கண்ணு. பொறப்பட்ட எடத்துல இருந்து பஸ்ஸு எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு மட்டுந்தான் இந்தக் கோடு சொல்லும். ஏறுதா எறங்குதான்னு அதுக்குத் தெரியாது. செங்குத்தா இருந்தா வேகமாப் போவுது. சாஞ்சிருந்தா மெதுவாப் போவுது.”

“டிரைவர் டீ குடிக்க நிறுத்தினா?”

“நேரம் ஓடும், தூரம் ஓடாது. கோடு படுத்துரும்.”

அந்த வாரம் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் வீட்டில் தினமும் ஒரே பாதையில் நடக்கும் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதையை அளந்து, நேரம் குறித்து, வரைபடம் போட்டு, வேகம் கண்டுபிடித்து வர வேண்டும். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாட்டில், ரோட்டை விட்டுத் தள்ளி எங்கள் வீடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை இறங்கும். கீழே ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் வீடு வரைக்கும் ஒரே ஏற்றம். அம்மா கூலி வேலை முடிந்து சாயங்காலம் அந்த வழியாகத்தான் வருவாள்.

அளப்பதற்கு அப்பா வந்தார். கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்து, டீச்சர் கொடுத்த டேப்பை வைத்துப் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையோடு அவர் ஏறுவார். ஐம்பது மீட்டருக்கு ஒரு கல்லில் சுண்ணாம்பால் பொட்டு வைத்தார். ஓடையிலிருந்து எங்கள் வாசலுக்குச் சரியாக ஐந்நூறு மீட்டர். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, “ஏனுங்க, ரோடு கீது போடப் போறாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. எம்புள்ள அவங்கம்மா நடக்குற வேகத்த அளக்குது” என்றார் அப்பா. அந்தப் பெருமையில் அடுத்த பொட்டைத் தேவைக்கு அதிகமாகவே பெரிதாக வைத்தார்.

சாயங்காலம் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு ஓடைக்கரையில் காத்திருந்தேன். அம்மா வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

“நான் என்ன பந்தயத்துலயா ஓடுறேன்?” என்று சிரித்தாள். வெறுங்கையோடு வந்தாள், மத்தியானச் சோறு கொண்டுபோன தூக்குப்போசி மட்டும்தான். கொஞ்ச தூரம் ஏறியதும் பலாமரத்தடியில் நின்றாள்.

“மேல பாரு சாமி, அந்தக் காய் பழுத்துருச்சு. கொரங்கு பாத்துச்சுன்னா போச்சு.”

நான் அண்ணாந்து பார்த்தேன். அடுத்து ஒரு பாறை. அங்கே நின்று எதிர்மலையைக் காட்டினாள். மழை அந்தப் பக்கம் பெய்துகொண்டிருக்க, எங்கள் பக்கம் வெயில் அடித்தது. “அங்கிருந்து இங்க வர்றதுக்குள்ள நாம ஊடு போயிரலாம்” என்றாள். ஆனாலும் கிளம்பவில்லை. மேலே ஒரு மிளகுக்கொடி, பிறகு ஒரு புற்று, அதன் மேல் புதிதாக முளைத்த காளான். ஒவ்வோர் இடத்திலும் எனக்குக் காட்ட அவளிடம் ஏதாவது இருந்தது.

எனக்கு அது புதிதல்ல. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வேடிக்கை பார்ப்பவள் என்றுதான் பெயர். “உங்கம்மாகூட நடந்தா ஊடு போய்ச் சேர விடிஞ்சுரும்” என்பார் அப்பா. கரிச்சான் எது, கொண்டைக்குருவி எது என்று நான் கற்றுக்கொண்டதே அந்த ஏற்றத்தில்தான்.

நான் குறித்த நேரங்களைப் புள்ளி வைத்துச் சேர்த்தபோது கோடு ஏறியது, படுத்தது, ஏறியது, படுத்தது. மேலே போகப் போக ஏறும் துண்டுகள் சிறுத்தன, படுத்த துண்டுகள் நீண்டன. பார்க்க வாசல்படி மாதிரி அழகாக இருந்தது.

வகுப்பில் எல்லோருடைய வரைபடத்தையும் சுவரில் ஒட்டினோம். என்னுடையதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். “உங்கம்மா என்ன டவுன் பஸ்ஸா? எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிறாங்க” என்றாள் என் பக்கத்து இடத்துக்காரி. நானும் சிரித்தேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பலகையில் வேகம் கண்டுபிடிக்கச் சொன்னார். ஐந்நூறு மீட்டர், இருபத்தைந்து நிமிடம். நிமிடத்தை விநாடியாக்கி வகுத்தேன். விநாடிக்கு ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. “ஆமை!” என்றது கடைசி பெஞ்ச். டீச்சர் அதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சுவரில் இருந்த என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மா சுமை ஏதாச்சும் தூக்கிட்டு வந்தாங்களா?”

“இல்லீங்க டீச்சர். வெறுங்கை.”

“வயசென்ன இருக்கும்?”

“முப்பத்தஞ்சு, முப்பத்தாறு இருக்கும்ங்க.”

“நீ தனியா ஏறினா எவ்வளவு நேரமாவும்?”

“பத்து நிமிசங்க.”

“அம்மா நிக்கிறப்ப என்ன பண்ணுவாங்க?”

“பாப்பாங்க டீச்சர். பலாக்காய், மலை, எல்லாம் எனக்குக் காட்டுவாங்க.”

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர், தன் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். டீச்சர் வீட்டுக்கு வருகிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடைக்கரையில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். விருந்தாளியின் முன்னால் வேகமாக நடக்கப் பார்த்தாள். பலாமரத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பாறைக்கு வந்ததும் நின்றாள். “அங்க பாருங்க டீச்சர்” என்று எதிர்மலைக்குக் கையை நீட்டினாள். பேச்சு அதற்கு மேல் வரவில்லை.

டீச்சர் அம்மாவின் கை காட்டிய பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

வீட்டில் காப்பி கொடுத்தபோது டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்க முடியுதுங்களா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாதான் சொன்னார். “ரெண்டு மூணு மாசமா செவுத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறாளுங்க. கெழங்கு தின்னா வாயு, அதனாலன்னு சொல்லுவா.”

“எங்கக்காவுக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு” என்றார் டீச்சர். அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டாள். டீச்சர் காப்பியைக் குடித்து முடித்தார். “திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போயிருங்க” என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார்.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் மார்பில் ஏதோ வைத்துப் படம் பார்த்தார்கள். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது, பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதோடு நின்றுவிட்டேன் என்றாள் அம்மா. அந்தக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். இதயத்தில் ஒரு கதவு சுருங்கிப்போயிருக்கிறது, ரத்தம் நுழைய இடமில்லாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகும். காத்திருப்பவர்கள் நிறைய, முறை வரும்போது கூப்பிடுவோம், தை மாசம் ஆகலாம் என்றார். அதுவரை மாத்திரை. மலை ஏறக் கூடாது என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார். எங்கள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

அம்மாவை வார்டில் சில நாள் வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் உட்கார்ந்து நான் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். எனக்குக் கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

“அப்ப பலாக்காய், கொண்டைக்குருவி, எதிர்மலை, அதெல்லாம் சும்மாதானாம்மா? மூச்சு வாங்குறது எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் காட்டுனியா?”

அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நின்னது மூச்சுக்காகத்தான் கண்ணு. நின்னதுக்கப்பறம் பாத்தது நெசந்தான்.”

மாத்திரையில் கொஞ்சம் தேறினாள். அப்பா அவளைக் கூலிக்கு விடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் உட்கார்ந்து, இன்று என்ன பாடம் என்று கேட்பாள். முடுக்கம் என்றேன் ஒரு நாள். என்னவென்று சொல்லச் சொன்னாள். வேகம் கூடுவது என்றேன். “நமக்கு அது வேண்டாம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

கார்த்திகை மழையில் சளி பிடித்தது. ஒரே ராத்திரியில் உதடு நீலமாகிவிட்டது. விடிந்ததும் ஊர்க்காரர்கள் நாற்காலியில் உட்காரவைத்து ரோடு வரை தூக்கினார்கள், அங்கிருந்து ஜீப். மறுநாள் மத்தியானம் அப்பா டீ வாங்கிவரப் போயிருந்தார். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் மாஸ்க் இருந்ததால் பேச முடியவில்லை. என் சடை அவிழ்ந்திருந்ததைக் கை காட்டினாள். நான் பின்னிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கண் என் மேல் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். அப்பா இரண்டு கையிலும் டீயோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்தார்.

அம்மாவை ஊருக்குக் கொண்டுவந்த வண்டி ரோடு வரைதான் வந்தது. அதற்கு மேல் தூக்க வேண்டும். மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்ததால், அது பிடிப்பதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். ஓடை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அம்மாவைத் தூக்கிய நாலு பேரும் ஏறக்குறைய ஓட்டமாகவே போனார்கள். பின்னால் நான் மூச்சிரைக்க ஏறினேன். பக்கத்தில் வந்த அப்பா திடீரென்று சத்தமாகச் சொன்னார்.

“மெதுவாப் போங்க சாமிகளா. அவளுக்கு மூச்சு வாங்கும்.”

முன்னால் பிடித்திருந்தவர் நின்றுவிட்டார். எல்லோரும் நின்றார்கள். யாரும் அப்பாவைத் திருத்தவில்லை. அது பலாமரத்துக்குப் பக்கம். மழை வந்து எங்கள் மேல் விழும்வரை அங்கேயே நின்றோம். பிறகு மிகவும் மெதுவாக ஏறினார்கள்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்து, ‘ஆ’விலிருந்து ‘இ’ வரை பொருள் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தார்கள். ஓய்வு நிலையில் உள்ளது என்று எழுதினேன். முழு மதிப்பெண். தாளைக் கொடுக்கும்போது டீச்சர் என் தோளில் கை வைத்தார், அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தார், நான் கீழே சிதறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய போன் அடித்தது. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டே எடுத்தார். ஸ்பீக்கர் பழுதாகி எப்போதும் சத்தமாகத்தான் கேட்கும். ஒரு பெண் குரல் அம்மாவின் பெயரைச் சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதி வந்திருக்கிறது, புதன்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றது.

“ஆமாங்க, எங்க ஊட்டுலதானுங்க” என்றார் அப்பா. “அவ கார்த்திகையிலயே போயிட்டாளுங்க.”

அந்தப் பெண் பதறிப்போனாள். வார்டிலிருந்து எங்களுக்குத் தகவல் வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நீங்க என்னங்க பண்ணுவீங்க. அந்தத் தேதிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. காத்துட்டிருப்பாங்க.”

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். மேலே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் முகம் மிளகுக்கொடிக்குள் இருந்தது. ஏணி லேசாக ஆடியது. நான் எழுந்து போய் அதன் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.