சோற்றை விட்டேன், குளிசையை விடவில்லை

அனுமதி பெறாமல் எதையும் மாற்றியவர்களிடம் விளக்கம் கேட்டு முப்பது வருடம் கடிதம் எழுதிய அரச அலுவலர் நான். ஓய்வுபெற்ற பின், சீனி வருத்தத்தையும் வயிற்றையும் குறைக்க, கனடாவிலுள்ள மகளின் சொற்படி சோறு, புட்டு, இடியப்பம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மீன், முட்டை, கீரை மட்டுமே சாப்பிட்டேன். கிளினிக்கில் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் நீரிழிவுக் குளிசையை மட்டும் எழுதித் தந்த அளவில், எழுதித் தந்த நேரத்தில் தவறாமல் விழுங்கினேன்.

மூன்றாம் வாரம், ஒரு செத்தவீட்டுக்காக எழுவைதீவுக்குப் படகேறினேன். நடுக்கடலில் சட்டை நனைய வியர்த்தது, கண் மங்கியது. பக்கத்திலிருந்த மீன் விற்கும் பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணை, சீனி வருத்தம் இருக்கோ?”

“ஓம்.”

“அப்ப சீனி இறங்கீட்டுது. இந்தாங்கோ, பனங்கட்டி.”

“நான் இனிப்புத் தொடுறேல்லை, தங்கச்சி.”

“செத்தவீட்டுக்குப் போறியளோ, செத்தவீடு வைக்கப் போறியளோ? வாயைத் திறவுங்கோ!”

திறந்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: “சோத்தை விட்டனீங்கள் எண்டு ஏன் ஐயா சொல்லேல்லை? சாப்பாட்டுக்கு ஏற்றபடிதானே இந்தக் குளிசை.” அளவைப் பாதியாக்கினார்.

இப்போதும் சோறு குறைவுதான். ஆனால் தட்டில் எதையும் குறைக்குமுன் கிளினிக் வரிசையில் நின்று கேட்கிறேன். அரை நாள் போகிறது. போகட்டும், அன்று படகில் முழு ஆளாகவே போயிருப்பேன்.